நீங்கள் கேட்டது: முதல் இறக்குமதி. எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரையிலான) விலைக்கும் சி.ஐ.எஃப். (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த) விலைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. சி.ஐ.எஃப்.புக்கே ஒத்துக்கொள்ளலாமா?

அந்த "வித்தியாசமே இல்லை"யில்தான் நான் மாட்டினேன். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்களுடையதும் ஒரு முழு கண்டெய்னருக்குக் காணாத சரக்கு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் முதல் ஆர்டர் அலமாரிக் கதவுகளுக்கான எஃகுக் கீல்கள். மொத்தம் 3.1 கன மீட்டர். எல்.சி.எல்.லில் வந்தது, அதாவது முன்பின் தெரியாத பத்துப் பேர் சரக்கோடு ஒரே கண்டெய்னரில் ஒண்டுக்குடித்தனம். சப்ளையர் கொடுத்த இரண்டு விலைக்கும் நடுவில் இருந்த சின்னத் தொகையைப் பார்த்துவிட்டு, "கப்பல் கூலி இவ்வளவுதானா, இதற்கா எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்" என்று பார்ட்னரிடம் பெருமையடித்தேன்.

கப்பல் வந்து சேரும்போது அரைவல் நோட்டீஸோடு (சரக்கு வருகிறது என்ற அறிவிப்பு) ஒரு பில் வந்தது. 11 வரிகள். டி.எச்.சி. (துறைமுகத்தில் கையாளும் கட்டணம்), சி.எஃப்.எஸ். (கண்டெய்னரைப் பிரிக்கும் கிடங்கின் கட்டணம்), டிஸ்டஃபிங் (கண்டெய்னரிலிருந்து சரக்கை இறக்குவது), டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கச் சொல்லும் கடிதம்), டாக்குமென்டேஷன், ஹேண்ட்லிங், அதற்குக் கீழே "ஹேண்ட்லிங் அதர்ஸ்". கூட்டினால், கப்பல் கூலி என்று நான் நினைத்திருந்ததைப் போல மூன்றரை மடங்கு. அளவுக் கட்டத்தில் 3.1க்குப் பதில் 4.6 என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து போன் செய்தேன். எடுத்த பையன் பொறுமையாகத்தான் சொன்னான்: "சார், டபிள்யூ/எம். வெயிட் டன்னில் எவ்வளவு, அளவு கன மீட்டரில் எவ்வளவு, ரெண்டில் எது அதிகமோ அதுக்குத்தான் சார்ஜ்." என் சரக்கு 4,600 கிலோ. டேப்பை வைத்து அட்டைப்பெட்டியை அளந்தவனுக்கு உள்ளே இருப்பது இரும்பு என்று உறைக்கவில்லை.

எல்.சி.எல். சரக்கைச் சேர்த்து அனுப்பும் கம்பெனிகளுக்குள் போட்டி அதிகம். சரக்கைப் பிடிப்பதற்காக ஏற்றும் இடத்தில் கூலியைக் குறைத்துக் காட்டுவார்கள், சில தடங்களில் சரக்கைக் கொடுக்கும் ஃபார்வர்டருக்கே (சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) ரிபேட் போகும். விட்ட காசை இறங்கும் இடத்தில், பேரம் பேச வழியில்லாதவரிடம் பிடித்துக்கொள்வார்கள். சி.ஐ.எஃப்.பில் ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுப்பது விற்பவர். பில் வருவது உங்களுக்கு. டெலிவரி ஆர்டர் கையில் வராமல் பெட்டி வெளியே வராது, எனவே சண்டை போட்டாலும் கட்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

ஃபார்வர்டர் நண்பர்கள் அடிக்க வர வேண்டாம். எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. இப்போது என் சரக்கைப் பார்ப்பவரும் ஃபார்வர்டர்தான், நேர்மையானவர். "இன்கோடெர்ம்ஸ் (எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்றவற்றில் எது யார் பொறுப்பு என்று சொல்லும் சர்வதேச விதிகள்) படிக்காமல் இறங்கினால் இப்படித்தான்" என்று கமென்ட் போடப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: படித்தேன், பிறகு.

கூட வந்த யாரோ ஒருவருடைய பெட்டிகளில் சுங்கத்துக்குச் சந்தேகம் வந்து, கண்டெய்னரைப் பிரிக்கவே ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளில் என் வாடிக்கையாளர் பேசிய பேச்சு இருக்கிறதே! எங்களிடம் 90 நாள் கடன் வாங்கி 120ஆம் நாள் செக் கொடுக்கிறவர், அதுவும் தேதி தள்ளிப் போட்டு. சரக்கு ஆறு நாள் தாமதம் என்றதும் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஸ்கேன் செய்து அனுப்பி அபராதம் கேட்டார். அவர் தாமதத்துக்கு நான் எந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்வது? சரி, அது வேறு கதை.

பெட்டிகள் வந்தபோது மேல் வரிசையில் நாலு அட்டைப்பெட்டிகளின் மூடி தொய்ந்து, பழுப்பாக வட்டம் வட்டமாகக் கறை. ஒன்றைத் திறந்தேன். சுற்றியிருந்த மெல்லிய தாள் கீலோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது, கீலை மடக்கினால் மடங்கவில்லை. கடல் தண்ணீர் இல்லை அது. உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கூரைத் தகட்டில் வியர்த்துச் சொட்டுவது. சி.ஐ.எஃப்.பில் "ஐ" இன்சூரன்ஸ்தானே என்று நிம்மதியாக கிளெய்ம் போட்டேன், நிராகரித்துவிட்டார்கள். இன்கோடெர்ம்ஸ் 2020 படி சி.ஐ.எஃப்.பில் விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்ச காப்பீடு, அதாவது இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் என்ற காப்பீட்டு விதிகளில் 'சி' வகை. தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல் மாதிரியான பெரிய விபத்துகளுக்குத்தான் அது. வியர்வைக்கும் திருட்டுக்கும் கிடையாது. இத்தனைக்கும், ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறிய நிமிடமே ரிஸ்க் நம்முடையதாகிவிடுகிறது. 'என் துறைமுகம் வரை அவர் பொறுப்பு' என்று நான் நினைத்திருந்தது சுத்தத் தப்பு.

காப்பீடே வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே நின்றதே, அதற்குப் பிறகு ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். அதாவது, கப்பலை மீட்ட செலவில் சரக்குக்காரர்களும் பங்கு கொடுக்க வேண்டும். அப்படி அறிவித்தால், பெட்டிக்குள் ஒரு கீறல் இல்லாவிட்டாலும், காப்பீடு இல்லாதவர் ரொக்கமாக டெபாசிட் கட்டினால்தான் சரக்கு கிடைக்கும்.

இப்போது நான் எஃப்.சி.ஏ.வில் வாங்குகிறேன், அதாவது விற்பவர் தன் பக்கத்திலேயே நான் சொல்லும் ஃபார்வர்டரிடம் சரக்கை ஒப்படைக்கும் முறை. கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யை விட அதுதான் பொருந்தும். ஃபார்வர்டர் நான் பிடித்தவர், காப்பீடு அதே விதிகளில் விரிவான 'ஏ' வகை. உங்கள் சப்ளையர் சி.ஐ.எஃப்.பில்தான் தருவேன் என்று அடம்பிடித்தால், பணம் அனுப்புவதற்கு முன்பே இறங்கும் இடத்து ஏஜென்ட் யார் என்று கேட்டு, அவரிடமிருந்து எல்லாக் கட்டணங்களையும் வரி வரியாக மெயிலில் வாங்குங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் கணக்கில் சேராது. 15 கன மீட்டரை நெருங்கினால் 20 அடி கண்டெய்னர் முழுசுக்கும் ஒரு விலை கேளுங்கள், பல நேரம் அதுவே மலிவு.

ஆமாம், சரக்கு என்ன, எத்தனை கிலோ என்று நீங்கள் எழுதவே இல்லையே?