மண்புழு, மரவட்டை, நத்தை: உள்ளே என்ன வித்தியாசம்?

கேள்வி: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் இந்த மூன்றையும் ஒரே கல்லுக்கடியில் பார்த்தேன். முதுகெலும்பு இல்லை என்பதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை உண்டா?

மண்புழுவுக்கும் மரவட்டைக்கும் உண்டு. இரண்டின் உடலும் கண்டம் கண்டமாக அமைந்தது. நரம்புத்தண்டு வயிற்றுப்பக்கம் ஓடுகிறது. ஆனால் மூச்சும் ரத்தமும் வேறு. மண்புழுவின் ரத்தம் நம்முடையதைப் போலக் குழாய்களுக்குள்ளேயே சுற்றும். ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பு. மூச்சு தோல் வழியாகத்தான், ஆகவே ஈரம் காய்ந்தால் உயிர் போய்விடும். மரவட்டைக்கு அடிப்பக்கத்தில், கால்களின் அடியருகே நுண்துளைகள். அங்கிருந்து மூச்சுக்குழல்கள் காற்றை உள்ளே கொண்டு போகின்றன. பெரும்பாலான வளையங்களில் 2 ஜோடிக் கால்கள் (பூரானுக்கு 1 ஜோடிதான்).

அப்புறம் நத்தை. மூன்றில் மிக விசித்திரமானது இதுதான். கண்டங்களே கிடையாது. தாமிரம் கலந்த ரத்தம், வெளிர்நீலம். அது உறுப்புகளைச் சுற்றியுள்ள இடைவெளிகளில் பரவுகிறது. ஊர்ந்து போகும்போது ஓட்டின் விளிம்புக்கடியில், பெரும்பாலும் வலப்பக்கம், பொறுமையாகப் பாருங்கள்: சிறு துளை ஒன்று திறந்து மூடும். நுரையீரலின் வாசல் அது. கருவிலேயே உள்ளுறுப்புகள் முறுக்கிக்கொள்வதால் ஆசனவாயும் அதன் அருகிலேயே, உடலின் முன்பக்கம் வந்துவிடுகிறது.