அவனுக்கு இன்னும் விடியவில்லை
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மகனுக்கு வயது 17. இரவு ஒன்றரைக்கு முன்னால் தூங்குவதே இல்லை. காலை 5 மணிக்கு எழுப்பிப் படிக்க உட்கார வைத்தால், திறந்த புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுகிறான். விடுமுறை என்றால் 11 மணி வரை எழுந்திருப்பதில்லை. 'வளர்த்த லட்சணம்' என்று எனக்குத்தான் ஏச்சு. இரவு 9 மணிக்கே விளக்கை அணைத்துப் படுக்க வைத்தால் சரியாகிவிடுமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் தம்பி ஞாபகம்தான் வந்தது. நானும் அவனும் ஒரே அறையில் படித்து வளர்ந்தவர்கள். நாலரைக்கு நானாகவே எழுந்துவிடுவேன். அவனை அப்பா முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி என் எதிரே உட்கார வைப்பார். பத்து நிமிடத்தில் அவன் கன்னம் புத்தகத்தில் சாய்ந்திருக்கும். அவனுடைய கணக்குப் புத்தகத்தில் பாதித் தாள்கள் எச்சில் ஊறிக் காய்ந்து நெளிநெளியாக இருக்கும். ஒரு நாள் நள்ளிரவு தாண்டித் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அறைக் கதவின் பின்பக்கம் முழுக்கச் சாக்பீஸால் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். கண்ணில் தூக்கம் துளியும் இல்லை. நான் இரண்டு நாளாகத் திணறிய கணக்கை அங்கேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அப்படியிருந்தும், மறுநாள் காலையில் அவனைச் 'சோம்பேறி' என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. அதனால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைக்குள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. நம் உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். பெரும்பாலானவர்களுக்கு அது 24 மணி நேரத்துக்குச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடுகிறது. கண்ணில் படும் வெளிச்சம்தான் அதை நாள்தோறும் சரிசெய்கிறது. கடிகாரம் மெதுவாக ஓடுபவருக்குத் தூக்கம் பின்னால் தள்ளிப்போகும், வேகமாக ஓடுபவருக்கு முன்னால் வரும். இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. 2001இல், மாலையிலேயே தூங்கி விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிக்கும் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தவர்கள், ஒரே ஒரு மரபணு மாற்றம் அதற்குக் காரணமாக இருப்பதைக் கண்டார்கள்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. பருவமடைந்ததிலிருந்து கடிகாரம் பின்னால் நகர்ந்துகொண்டே போய், 20 வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. இதை 2004இல் எடுத்துக்காட்டிய ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனபர்க், அந்தத் திருப்பத்தையே விடலைப் பருவம் முடிவதன் அடையாளமாகக் கொள்ளலாம் என்றார். உங்கள் பிள்ளைக்கு 17. ஏறுமுகத்தில் இருக்கிறான்.

இரவு 9 மணிக்குப் படுக்க வைப்பதால் பயன் இருக்காது. வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் மூளை மிகவும் விழிப்பாக இருக்கும். 9 மணிக்கே படுத்தால், அந்த நேரம் தாண்டும் வரை புரண்டுகொண்டுதான் கிடப்பான். போகப் போகப் படுக்கையைக் கண்டாலே எரிச்சல் வரும்.

அதைவிட முக்கியமானது அந்த 5 மணி. உடம்பின் சூடு இரவில் இறங்கி, தானாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் மிகக் குறைவாகிறது. அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். அதற்கு முன்னால் பட்டால் பின்னால் தள்ளும். விட்டால் 11 மணி வரை தூங்கும் பிள்ளைக்கு 5 மணி என்பது நடுராத்திரி. அப்போது பளிச்சென்று விளக்கைப் போட்டு உட்கார வைத்தால், அவனை இன்னும் தாமதமாகத் தூங்கப் பழக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, என்ன செய்யலாம்? இப்போதைக்கு அந்த 5 மணியை விட்டுவிடுங்கள். பள்ளிக்குக் கிளம்ப எவ்வளவு தாமதமாக எழுந்தால் போதுமோ, அப்போது எழட்டும். எழுந்ததும் வெட்டவெளியில் அரை மணி நேரம் இருக்கட்டும். மேகமூட்டமாக இருந்தாலும் அறை விளக்கைவிட வானத்து வெளிச்சம் பல மடங்கு அதிகம். விடுமுறை நாளில் 11 மணி வேண்டாம், ஒரேயடியாக 6 மணியும் வேண்டாம். 10, அப்புறம் ஒன்பதரை என்று இறக்குங்கள். இரவு 9 மணிக்கு மேல் வீட்டு விளக்குகளையும் கைபேசித் திரையையும் மங்கலாக்குங்கள். கடினமான பாடத்தை மாலையிலேயே படிக்கட்டும். இவ்வளவும் செய்து சில மாதங்கள் ஆன பிறகும் ஒன்றரைக்கு முன் தூக்கமே வராமல் பள்ளி பாதிக்கிறது என்றால், தூக்க மருத்துவரிடம் காட்டுங்கள். 1981இலேயே மருத்துவர்கள் இதைத் தனி நோய்நிலையாக விவரித்துவிட்டார்கள். சிகிச்சை உண்டு.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அம்மா. அந்தச் 'சோம்பேறி' என்ற சொல்லை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் 4 மணிக்கே எழுபவர். நான் ராக்கோழி. அவர் பேச வரும்போது நான் தூங்குகிறேன், நான் பேச உட்காரும்போது அவர் குறட்டை விடுகிறார். எங்களில் யார் மாற வேண்டும்?
– திருமணமாகி மூன்று ஆண்டுகளான வாசகி

பதில்: முழுதாக மாற இருவராலும் முடியாது. 1938இல் நேதனியல் கிளைட்மன் என்ற தூக்க ஆய்வாளர், தன் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனுடன் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் 32 நாள் தங்கினார். ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தார்கள். இளைஞரான மாணவர் ஒரு வாரத்தில் பழகிவிட்டார். நாற்பதைக் கடந்த ஆசிரியருக்குக் கடைசிவரை பழகவே இல்லை. குகையும் இருட்டும் ஒன்றுதான், உடம்புதான் வேறு வேறு.

ஆனால் இடைவெளியைக் குறைக்கலாம். கொலராடோவில் சிலரை ஒரு வாரம் மின்விளக்கே இல்லாமல் கூடாரத்தில் தங்கவைத்த ஆய்வு 2013இல் வெளியானது. அவர்களுடைய உடல் கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் வந்தது. சீக்கிரம் எழுபவருக்கும் ராக்கோழிக்கும் இருந்த வித்தியாசமும் சுருங்கியது. நீங்கள் பகலில் வெளியே அதிகம் இருங்கள், இரவில் விளக்கைக் குறையுங்கள். உங்கள் கணவர் மாலை வெயிலில் நடக்கட்டும். இருவரும் நன்றாக விழித்திருக்கும் மாலை 6 முதல் 8 மணி வரை வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். பணப் பேச்சையும் மனத்தாங்கலையும் அப்போதே பேசிவிடுங்கள். பாதித் தூக்கத்தில் இருப்பவரிடம் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 71. மாலை 7 மணிக்கே கண் சொருகுகிறது. 3 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. இது தூக்கமின்மையா?
– ஓய்வுபெற்ற வாசகர்

பதில்: இல்லை ஐயா. 7 முதல் 3 வரை எட்டு மணி நேரம் ஆகிவிட்டதே. வயது ஏற ஏறக் கடிகாரம் முன்னால் நகரும். மாலை 5 மணிக்கு மேல் வெளிச்சத்தில் நடங்கள், சாய்வு நாற்காலியைத் தவிருங்கள். கண்புரை இருந்தால் காட்டிவிடுங்கள், கடிகாரத்துக்குப் போய்ச்சேரும் வெளிச்சத்தை அதுவும் குறைக்கிறது. 3 மணிக்கு முழிப்பு வந்தால் பெரிய விளக்கைப் போடாதீர்கள்.