ஓ.எல். (க.பொ.த. சாதாரண தர) ஆங்கிலம், கடைசி நேர மீட்டல்: ரீச்சரிடம் கேட்டவை

திருகோணமலையில் ஆங்கிலமும் ஆங்கில இலக்கியமும் படிப்பிக்கிறேன். சோதனை நெருங்குவதால் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ரீச்சர், ஆங்கிலக் கவிஞர் டெனிசனின் ‘த ஈகிள்’ கவிதைக்கான நோட்ஸை முழுக்கப் பாடமாக்கினேன். தவணைச் சோதனையில் பாதிப் புள்ளிதான் வந்தது. ஏன்? (மாணவி, உவர்மலை)

நோட்ஸ் கவிதையைப் பற்றிப் பொதுவாகச் சொல்லும். கேள்வி அதில் ஒரு விஷயத்தை மட்டும்தான் கேட்கும். நீங்கள் பாடமாக்கிய எல்லாவற்றையும் கொட்டினால், கேட்டதற்கான பதில் அதற்குள் காணாமல் போய்விடும். நோட்ஸை மூடிவிட்டுக் கவிதையைத் திறவுங்கள் மகள். மொத்தமே ஆறு வரி.

முதல் வரியில் கழுகுக்கு நகம் என்று எழுதாமல் வளைந்த கைகள் என்று எழுதுகிறார். ‘கிளாஸ்ப்ஸ்’, ‘கிராக்’, ‘குரூக்கெட்’ என்று ‘க்’ ஒலி மூன்று முறை அடுத்தடுத்து வருகிறது. பாறையை இறுக்கிப் பிடிப்பது காதுக்கே தெரிகிறது அல்லவா? அப்புறம் நான்காம் வரியில், சுருக்கம் விழுந்த கடல் கீழே ஊர்கிறது. கோணேசர் கோயிலடியில் நின்று கீழே எட்டிப் பார்த்த பிள்ளைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அலை பாய்வது தெரியாது, மெல்ல நகர்வதுதான் தெரியும். ஆக, கழுகு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கடலை வைத்தே சொல்லிவிட்டார். ஐந்து வரிக்குக் கழுகு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆறாவது வரியில் இடி போல விழுகிறது. அந்த வேகம் நமக்குப் படுவதற்குக் காரணம் அதற்கு முன் இருந்த அசைவின்மை.

விடையிலும் இதே வழிதான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், எந்தச் சொல்லிலிருந்து அது வந்தது என்று காட்டுங்கள், அந்தச் சொல் அங்கே என்ன செய்கிறது என்று எழுதுங்கள். ‘இது சிமிலி (உவமை), இது பேர்சோனிஃபிகேஷன் (ஆளுருவாக்கம்)’ என்று பெயர் மட்டும் சொல்லிவிட்டு நின்றால் அரைவாசிப் புள்ளிதான்.

கதை, நாடகம் எல்லாவற்றையும் திரும்ப வாசிக்க நேரமில்லை. சுருக்கம் போதுமா? (மாணவன், தம்பலகாமம்)

போதாது தம்பி. முழுவதையும் வாசிக்க முடியாவிட்டால், ஒவ்வொன்றிலும் ஒரு பாத்திரத்தின் மனம் மாறுகிற இரண்டு மூன்று இடங்களையாவது மூலத்தில் வாசியுங்கள். கேள்விகள் பெரும்பாலும் அந்த இடங்களைச் சுற்றித்தான் வரும்.

‘எ’, ‘அன்’, ‘த’ எங்கே போடுவதென்று இன்னும் விளங்கவில்லை. தமிழில் இப்படி ஒன்றும் இல்லையே? (மாணவன், கிண்ணியா)

தனிச் சொல்லாக இல்லை. ஆனால் அந்த வேறுபாடு உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘கடையில் கொப்பி வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு கொப்பி. ‘அந்தக் கடையில் கொப்பியை வாங்கினேன்’ என்றால் எந்தக் கொப்பி என்று கேட்பவருக்கும் தெரியும். முதலாவதற்கு ‘எ’, இரண்டாவதற்கு ‘த’. சந்தேகம் வந்தால் வசனத்தைத் தமிழில் சொல்லி, ‘கொப்பியை’ என்பதில் போலக் கடைசியில் ‘ஐ’ வருகிறதா என்று பாருங்கள்.

இது பொருட்களுக்குத்தான் சரிவரும். ஆட்களைச் சொல்லும்போது ‘ஐ’ எப்படியும் வந்துவிடும். தண்ணீர், சீனி போல எண்ண முடியாதவற்றுக்கு ‘எ’ போடக் கூடாது. ‘எ’யா ‘அன்’னா என்பதை எழுத்தை வைத்துப் பார்க்காமல் ஒலியை வைத்துப் பாருங்கள்: ‘அன் அவர்’, ஆனால் ‘எ யுனிவர்சிட்டி’.

சிம்பிள் பாஸ்டும் பிரசென்ட் பெர்ஃபெக்ட்டும் குழம்புகிறது. (மாணவி, மூதூர்)

‘புறாத்தீவுக்குப் போயிருக்கிறேன்’ என்பது பெர்ஃபெக்ட். ‘போன வெள்ளிக்கிழமை போனேன்’ என்பது பாஸ்ட். எப்போது என்று குறிப்பிட்டுச் சொன்னால் ‘ஹேவ்’ வராது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்பது ஒவ்வொரு வருடமும் நான் திருத்துகிற பிழை.

ஆனால் ஓரிடத்தில் தமிழை நம்பக் கூடாது. ‘மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்’ என்று நாங்கள் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹேவ் லிவ்ட்’ வேண்டும்.

இந்தக் கவிதைகளையெல்லாம் எங்கேயோ இருக்கிற ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? (மாணவன், சாம்பல்தீவு)

நாவலாசிரியர் ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் கடற்படை அட்மிரலாக இருந்தவர். 1852இல் பர்மாவில் இறந்த அவரை அடக்கம் செய்தது எங்கள் ஊர்ச் சேமக்காலையில்தான். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் கோணேசர் மலையடிக் கடலில் சுழியோடி, இடிந்த கோயிலின் தூண்களைக் கண்டு, அதைப் பற்றி எழுதினார். நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தூரம் இல்லை. அப்படித் தூரமாக இருந்தாலும், பயமும் பொறாமையும் தகப்பன் மகன் சண்டையும் எந்த ஊருக்கும் பொதுவானவை. அந்தக் கண்ணோடு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

ரியூசனில் மகனுக்கு ஒரு கட்டுக் கட்டுரைகளைப் பாடமாக்கக் கொடுத்திருக்கிறார்கள். பிரயோசனம் இருக்கிறதா? (தாய், நிலாவெளி)

இல்லை அம்மா. இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. பாடமாக்கிய கட்டுரை விடைத்தாளில் உடனே தெரிந்துவிடும். இரண்டு பந்திகள் பிழையே இல்லாமல் ஓடும், மூன்றாவதில் பிள்ளையின் சொந்த வசனம் வந்ததும் எல்லாம் குலையும். தலைப்புக் கொஞ்சம் மாறினாலும் பிள்ளை திணறிப் போவான்.

மகனுக்குத் தெரிந்ததை எழுதச் சொல்லுங்கள். ‘த பிளேஸ் இஸ் வெரி பியூட்டிஃபுல்’ என்பது உலகத்தில் எந்த இடத்துக்கும் பொருந்தும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு, எதில் முதலில் வாளியை விட்டான், எதில் கையை இழுத்துக்கொண்டான் என்று எழுதட்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் ஆட்களுக்குப் பயமில்லாமல் திரிவதை எழுதட்டும். சின்ன வசனங்கள் போதும். ஒரு நாள் ஒரு பந்தி, அடுத்த நாள் அதே பந்தியில் வினைச்சொற்களை மட்டும் பார்த்துத் திருத்தட்டும். எல்லாப் பிழையையும் ஒரே நேரத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டால் பிள்ளை எழுதுவதையே விட்டுவிடுவான்.

உத்தியோகபூர்வக் கடிதத்தை எப்படி முடிப்பது? (மாணவி, கந்தளாய்)

‘டியர் சேர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. திகதியை மறக்க வேண்டாம்.

சோதனை மண்டபத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது? (மாணவன், சீனக்குடா)

புதிதாக ஒன்றும் எழுதாதீர்கள். முதலில் ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ வருகிற வசனங்களைப் பார்த்து, நிகழ்கால வினையில் ‘எஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ‘டிட்’ வந்த இடங்கள்: ‘டிட் வென்ட்’ இருந்தால் ‘டிட் கோ’ ஆக்குங்கள். பிறகு ‘டிஸ்கஸ் அபவுட்’ எங்காவது இருந்தால் ‘அபவுட்’டை வெட்டுங்கள். நேரம் மிஞ்சினால் கட்டுரையைக் கடைசி வசனத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக வாசியுங்கள். கதையோட்டத்தில் கண்ணுக்குத் தப்பிய எழுத்துப்பிழைகள் அப்போது பிடிபடும்.