வகுப்பறையைக் கூட்டுவது யார்?

கேள்வி: ஜப்பானில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, தினமும் தன் வகுப்பறையைத் தானே கூட்டித் துடைப்பதாகச் சொல்கிறாள். இங்கே பிள்ளைகள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். நாம்தான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அப்படி நான் நினைக்கவில்லை. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் மதிய உணவுக்குப் பின் 15, 20 நிமிடங்களைத் துப்புரவுக்கென்றே ஒதுக்கியிருப்பார்கள். மேசைகளை ஒருபுறம் நகர்த்திவிட்டு, ஈரத் துணியை இரு கைகளாலும் தரையில் அழுத்தியபடி பிள்ளைகள் குனிந்து ஓடுவார்கள். வகுப்பில் ஒருவர் விடாமல் அனைவருக்கும் முறை வரும், ஆசிரியரும் உடன் நிற்பார்.

நம் பெற்றோருக்குக் கோபம் வருவது, அந்த வேலைக்கு எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான். கழிவறையைக் கழுவப் பட்டியலினப் பிள்ளைகளையே ஏவிய கொடுமை தமிழ்நாட்டில் பலமுறை செய்தியாகியிருக்கிறது. கூலி உயர்வுப் போராட்டக் காலத்தில், 1968-இல் கீழ்வெண்மணியில் பட்டியலினத்தவர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட இந்த மண்ணில், அதைக் கண்டு பெற்றோர் கொதிப்பது முற்றிலும் நியாயம்.

உணவு வேளையில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். அங்கே 1954-இலேயே பள்ளி உணவுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது என்றாலும், உணவுப் பொருள்களுக்கான செலவைப் பெரும்பாலும் பெற்றோரே கட்டி வந்திருக்கிறார்கள். இங்கே 1982-இல் தொடங்கிய சத்துணவு இலவசம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில் நடந்த விழாவோடு மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. விடிந்தும் விடியாமலும் தாய் நடவுக்குக் கிளம்பிவிடும் வீடுகளுக்கு அந்த உப்புமாவின் அருமை தெரியும்.

ஆனால், அங்கே வெள்ளை அங்கியும் தொப்பியும் அணிந்த பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாற, ஆசிரியரும் அதே உணவை வகுப்பிலேயே அவர்களோடு அமர்ந்து உண்கிறார். நாம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வழக்கத்தைத்தான். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கழிவறைக்குச் சம்பளம் பெறும் பணியாளர் இருக்கட்டும். கரும்பலகை துடைப்பது, வகுப்பைக் கூட்டுவது, முட்டை பரிமாறுவது ஆகியவற்றுக்கு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வையுங்கள். அந்தப் பட்டியலைப் பெற்றோர் பார்க்கும்படி பள்ளிச் சுவரில் ஒட்டி, ஆசிரியர்களின் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.