மோட்சத்தில் அம்மம்மாவுக்குக் கோபம் வருமா?

அன்புள்ள ஐயா,

போன மாதம் என் அம்மா காலமானார். முப்பத்தோராம் நாள் பூசையில் சுவாமி, "மோட்சத்தில் பாவம் இல்லை, இனி அவரால் பாவம் செய்யவே முடியாது" என்று பிரசங்கித்தார். வீட்டுக்கு வரும் வழியில் என் ஒன்பது வயது மகன் கேட்டான்: "அப்போ அம்மம்மாவுக்கு அங்கே கோபமே வராதா? கோபம் வராட்டி அது அம்மம்மாவா?" அம்மா எங்களை ஏசி ஏசியே வளர்த்தவர். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பாவம் செய்யவே முடியாத இடத்தில் மனிதருக்கு என்ன சுதந்திரம்? அங்கேயும் சுதந்திரம் உண்டென்றால், ஏதேன் தோட்டத்திலேயே கடவுள் நம்மை அப்படிப் படைத்திருக்கலாமே?

ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவின் பிரிவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு, பழைய திருச்சபையின் பெரிய ஆசிரியரான புனித அகுஸ்தீனார் பதில் சொல்லியிருக்கிறார். ஆதாமுக்குக் கிடைத்தது பாவம் செய்யாமல் இருக்கக்கூடிய சுதந்திரம். மோட்சத்தில் கிடைக்கப்போவது பாவம் செய்ய முடியாத சுதந்திரம். இரண்டாவதே பெரியது என்கிறார். கடவுளால் பாவம் செய்ய முடியாது, அதற்காக அவரை யாராவது அடிமை என்போமா என்பது அவருடைய வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது எனக்கு விளங்கியது புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில். என் மாமா ஒருவர் அங்கே வெங்காயக் கடை வைத்திருந்தார். இளவயதில் நிறுக்கும்போது இடது சுண்டுவிரல் தராசுத் தட்டின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்துவிடும். ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவர், மறுநாளிலிருந்து இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிறுத்தார். எத்தனையோ வருடம் அப்படித்தான். வயதான காலத்தில் ஒருநாள் பார்க்கிறேன், இரண்டு கையும் முன்னால் இருக்கின்றன, தட்டு தன்பாட்டில் ஆடி நிற்கிறது. "மாமா, கையை இப்ப பின்னால கட்டுறதில்லையா?" என்றேன். கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது எப்ப விட்டுப்போச்சோ தெரியேல்ல" என்றார்.

விரலை வைத்த மாமா, கையைக் கட்டிய மாமா, கட்டவே தேவைப்படாத மாமா. இவர்களில் யார் சுதந்திரமானவர்? எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசி மாமாவால் களவு நிறை நிறுக்க முடியாது. அவரை யாரும் தடுக்கவில்லை, அவருக்குள் அந்த ஆசை இல்லை, அவ்வளவுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மனம் எப்போதும் நன்மையைத்தான் தேடுகிறது, சின்ன நன்மை ஒன்று பெரிதாகத் தெரியும்போது தவறுகிறது. கடவுளை முகமுகமாய்ப் பார்ப்பவருக்கு அப்படித் தவறாகத் தெரிய எதுவும் மிச்சமில்லை.

சரி, இரண்டாவது கேள்வி. இதுதான் கடினமானது.

இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரனேயு சொன்ன பதிலே எனக்குப் பிடித்தது. ஆதாமும் ஏவாளும் குழந்தைகளைப் போல இருந்தார்கள். தாயால் கைக்குழந்தைக்குச் சோறு ஊட்ட முடியும், ஆனால் குழந்தையால் அதை ஏற்க முடியாது. அதேபோல நிறைவைக் கொடுக்கக் கடவுளால் முடியும், வாங்கிக்கொள்ள மனிதர் வளர வேண்டியிருந்தது. மாமாவின் கை பின்னால் கிடந்த வருடங்களை எடுத்துவிட்டால், அந்தக் கடைசி மாமா அவராக இருக்கமாட்டார்.

ஆனால் இந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது, உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் கட்டுவாப்பிட்டிக் கோவிலிலும் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். வளர்வதற்கு அவர்களுக்கு நாள் எங்கே கிடைத்தது? ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தை இறந்தால் நேரே மோட்சம் என்றுதான் திருச்சபை படிப்பிக்கிறது. அப்படியானால் நீண்ட வழி எல்லோருக்கும் கட்டாயமில்லை. அந்த வழியில் சிலருடைய சுதந்திரத்துக்கு மற்றவர்களுடைய பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள். இதற்கு முன்னால் என்னுடைய எந்த விளக்கமும் நிற்காது. அந்தோனியார் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டுதான் மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தருபவர் நாலாம் நூற்றாண்டு ஆயரான நீசா நகர் கிரகோரியார். சிறுவயதில் இறந்த குழந்தைகளைப் பற்றியே அவர் தனியாக எழுதியிருக்கிறார். அவர்களுடைய ஆன்மா முதலில் பால் குடிப்பதுபோலத் தன் அளவுக்குக் கடவுளைப் பெற்று, அங்கேயே வளரும் என்கிறார். நிறைவு என்பதே ஓயாமல் வளர்வதுதான் என்றும் அவர் வேறிடத்தில் எழுதினார். கொச்சிக்கடைப் பிள்ளைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

இனி மகனுக்கு. இயேசு சாட்டை பின்னி, எருசலேம் ஆலயத்தில் நாணயம் மாற்றுகிறவர்களின் மேசைகளைக் கவிழ்த்ததை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவரிடம் பாவம் இருந்ததில்லை, கோபம் இருந்தது. அம்மம்மா ஏசியதில் எரிச்சலிலும் களைப்பிலும் வந்தது இனி வராது. பிள்ளை மழையில் நனைந்து வந்தால் வருகிற ஏச்சு இருக்கிறதே, அதை அவரிடமிருந்து யாரும் பறிக்கமாட்டார்கள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்.