நாற்பதரை சென்ட்டா, ஒரு ஏக்கரா? நிலப்பரப்பு குறித்த கேள்வி-பதில்

கேள்வி: தந்தையார் மறைவுக்குப் பிறகு எனக்கும் தம்பிக்கும் வந்த புன்செய் நிலத்தை விற்க முடிவு செய்திருக்கிறோம். பட்டாவில் பரப்பு ‘0 - 40.50’ என்று இருக்கிறது. தரகர் அதை நாற்பதரை சென்ட் என்று கணக்கிட்டு, சென்ட்டுக்கு இவ்வளவு என விலை பேசி, கிரய ஒப்பந்தத்தின் நகலையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அப்பா உயிரோடு இருந்தவரை அதை ‘ஒரு ஏக்கர் காடு’ என்றுதான் சொல்வார். யார் சொல்வது சரி? (வாசகி, பெரம்பலூர் மாவட்டம்)

பதில்: உங்கள் தந்தையார் சொன்னதுதான் சரி. தயவுசெய்து அந்த ஒப்பந்தத்தில் நீங்களும் தம்பியும் கையெழுத்திட வேண்டாம். முன்பணம் வாங்கியிருந்தால் இன்றே அந்தத் தரகரிடமும் வாங்குபவரிடமும் பரப்பு தவறாக எழுதப்பட்டிருப்பதை எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

பட்டாவில் ‘பரப்பு’ என்ற தலைப்பின் கீழ் ‘ஹெக் - ஏர்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். கோட்டுக்கு முன்னால் உள்ள எண் ஹெக்டேர், பின்னால் உள்ள எண் ஏர். ஓர் ஏர் என்பது பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்ட சதுரம், அதாவது 100 சதுர மீட்டர். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். ஓர் ஏருக்கு ஏறத்தாழ 1,076 சதுர அடி. சென்ட் கணக்கில் 2.471. எனவே உங்கள் 40.50 ஏரை 2.471 ஆல் பெருக்கினால் 100.08 சென்ட் வருகிறது. அது ஒரு முழு ஏக்கர். நாற்பதரை சென்ட்டுக்கு விலை வாங்கியிருந்தால், ஏறத்தாழ அறுபது சென்ட் நிலத்தைக் காசில்லாமல் கொடுத்திருப்பீர்கள். ஏனென்றால் ஒப்பந்தத்தின் சொத்து விவரத்தில் முழுச் சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். எழுதிய பரப்பும் எழுதிய எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையே நிலைக்கும் என்பதுதான் நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் நெறி.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. ஓர் ஏக்கருக்கு 40.47 ஏர், ஒரு சென்ட்டுக்கு 40.47 சதுர மீட்டர். இலக்கங்கள் ஒன்றாகவே இருப்பதால், அவசரமாகப் படிப்பவர் கண்ணுக்கு ஏரும் சென்ட்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. பெயரும் கூடுதலாகக் குழப்புகிறது. பட்டாவில் வரும் ‘ஏர்’ நம் உழவர் பூட்டும் ஏர் அல்ல. 1795-இல் பிரெஞ்சு நாட்டுச் சட்டம் வகுத்த மெட்ரிக் அளவின் பெயர் அது. உண்மையில் உழவோடு உறவு உள்ளது ஏக்கர்தான்: ஒரு பூட்டு எருதுகள் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்பதே இங்கிலாந்தில் அச்சொல்லுக்கு இருந்த பழைய பொருள். 1620-ஆம் ஆண்டு வாக்கில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளமும் நூறு கண்ணிகளும் கொண்ட நில அளவைச் சங்கிலியை வகுத்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், 43,560 சதுர அடி. அதன் நூற்றில் ஒரு பங்கான 435.6 சதுர அடிதான் நாம் சென்ட் என்று சொல்வது. அந்தச் சங்கிலியோடு வந்த கணக்கு தாய்ப்பத்திரங்களில் ஏக்கர், சென்ட்டாகத் தங்கிவிட்டது. பட்டாவோ மெட்ரிக்குக்கு மாறிவிட்டது. ஆகையால் பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சதுர மீட்டருக்கு மாற்றிப் பார்க்காமல் யாரும் விலை பேசக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வேன்.

கேள்வி: வெளிநாட்டு வேலையை விட்டு ஊர் திரும்பி, உறவினர் ஒருவரிடம் மூன்று மா நன்செய் வாங்கப் போகிறேன். எங்கள் ஊரில் மா, வேலி என்றுதான் பேச்சு. சென்னையில் இருக்கும் என் மைத்துனர் காணிக் கணக்கு சொல்கிறார். இவற்றில் எதை ஒப்பந்தத்தில் எழுதுவது? இன்னொன்று, உர அளவெல்லாம் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று தருகிறார்கள். ஒரு மாவுக்கு எத்தனை மூட்டை யூரியா வாங்குவது? (வாசகர், மன்னார்குடி)

பதில்: காவிரிப் படுகையில் இன்று வழங்கும் கணக்கின்படி, பன்னிரண்டு அடிக் கோலால் அளந்த ஒரு சதுரம், அதாவது 144 சதுர அடி, ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இதன்படி ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட்டுக்குச் சற்று மேல். ஒரு வேலி ஏறத்தாழ 6.61 ஏக்கர். நீங்கள் வாங்கும் மூன்று மாவை ஓர் ஏக்கர் என்று வாய்ப்பேச்சில் சொல்வார்கள். துல்லியமாகப் பார்த்தால் அது 43,200 சதுர அடி, ஏக்கருக்கு 360 சதுர அடி குறைவு. உறவினருக்குள் அது பெரிதில்லை என்று தோன்றலாம். இரண்டு வேலி, மூன்று வேலி என்று வாங்கும்போது அதே குறைவு பல சென்ட்டுகளாக வளர்ந்துவிடும்.

மைத்துனர் சொல்லும் காணி வேறு. சென்னைப் பகுதியின் பழைய வழக்கில் 2,400 சதுர அடி ஒரு மனை, அதாவது கிரவுண்டு. 24 மனை ஒரு காணி. அது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். உங்கள் ஊர்க் கணக்கில் அது சரியாக நானூறு குழி, நான்கு மா. ஆனால் தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று. அங்கே காணி மாவின் கால்பங்கு. ஒரே சொல் ஓர் இடத்தில் மாவின் நான்கு மடங்காகவும் இன்னோர் இடத்தில் அதன் நான்கில் ஒன்றாகவும் நிற்கிறது. அளவுப் பெயரை மட்டும் நம்பி ஒப்பந்தம் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

குழியும் அப்படித்தான். குழி என்பது கோலின் சதுரம். கோல் மாறினால் குழி மாறும். பன்னிரண்டு அடிக் கோலுக்கு 144 சதுர அடி என்றால் பதினெட்டு அடிக் கோலுக்கு 324 சதுர அடி. கோல் ஒன்றரை மடங்குதான் நீண்டது, நிலம் இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பதினெண் சாண் கோல் என்று எந்தக் கோலால் அளந்தது என்பதையும் சேர்த்தே குறித்திருப்பது இதனால்தான். கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலும் அடித்தளத்திலும் வெட்டி வைத்த ஊர்கள் பல. அளவில் ஐயம் வந்தால் யாரும் போய்ச் சரிபார்த்துக்கொள்ள அது வழி செய்தது. வாங்குபவரின் உரிமையைக் கல்லில் பொறித்து வைத்த ஏற்பாடாகவே அதை நான் பார்க்கிறேன்.

முதலாம் இராசராசன் காலத்தில், 1001-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த நில அளவையில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு எழுதப்பட்டது என்பதைப் பலரும் பெருமையோடு சொல்வார்கள். பெருமை நியாயமானது. ஆனால் இன்றைய வேலியை வைத்துப் பார்த்தால் அந்தப் பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு உட்காரவும் இடம் போதாது. எந்தக் கோலாலும் அவ்வளவு நுட்பமாக வயலை அளக்க முடியாது. முந்திரி (320-இல் ஒன்று), கீழ்முந்திரி (முந்திரியின் 320-இல் ஒன்று) என்று பின்னத்தின் கீழ்ப் பின்னமாக வரி வகுத்ததில் கிடைத்த கணக்கு அது. தாளில் தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் இருந்தாலும், வரப்பில் கால் வைத்து அளந்தது எவ்வளவு என்பது தனிக் கேள்வி. இன்றைய பட்டாவுக்கும் இது பொருந்தும்.

ஆகவே ஒப்பந்தத்தில் மா என்ற சொல்லை விட வேண்டியதில்லை. ஊரார் அறிந்த சொல் அது, இருக்கட்டும். அதோடு ‘ஒரு மா என்பது 144 சதுர அடி கொண்ட குழி நூறு’ என்று விளக்கி, மொத்தம் 43,200 சதுர அடி என்றும், அதற்கு இணையாக 4,013 சதுர மீட்டர் என்றும், பட்டாவோடு ஒப்பிட வசதியாக 40.13 ஏர் என்றும் எழுதுங்கள்.

உரக் கணக்குக்கு வருவோம். ஒரு மா 13.38 ஏர், அதாவது ஒரு ஹெக்டேரில் 0.1338 பங்கு. உங்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று பரிந்துரைத்திருந்தால், ஒரு மாவுக்கு ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து போதும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து என்பதால் 44 கிலோ யூரியா தேவைப்படும். இப்போது வரும் மூட்டை 45 கிலோ. எனவே மாவுக்கு ஒரு மூட்டை, அதுவும் பருவம் முழுவதற்கும் தவணை தவணையாக. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவையே பின்பற்றுங்கள். ஹெக்டேரை ஏக்கர் என்று தவறாகப் படித்தவர் இதே மாவுக்கு இரண்டு மூட்டைக்கு மேல் வாங்குவார். காசும் போகும், பயிர் கொழுத்துச் சாய்ந்து பூச்சியும் ஏறும்.

கேள்வி: புறநகரில் ஒரு கிரவுண்டு மனை பார்த்திருக்கிறோம். டேப் வைத்து அளந்தோம். நான்கு பக்கமும் 60, 40, 60, 40 அடி சரியாக இருக்கிறது. இனி பரப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா? (வாசகர், திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: இன்னும் ஓர் அளவு பாக்கி இருக்கிறது. மூலைக்கு மூலை, குறுக்கே அளந்து பாருங்கள். மனை செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டங்களும் ஏறத்தாழ 72 அடி 1 அங்குலம் என்று சமமாக வர வேண்டும். ஒன்று 64 அடியாகவும் மற்றது 79 அடிக்கு மேலும் வந்தால், பக்கங்கள் சரியாக இருந்தும் மனை சாய்ந்திருக்கிறது என்று பொருள். அதன் பரப்பு 2,400 அல்ல, ஏறத்தாழ 2,336 சதுர அடிதான். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரு சராசரிகளையும் பெருக்கும் வழக்கம் பத்திரம் எழுதுவோரிடமும் தரகர்களிடமும் இருக்கிறது. கோணல் மனைகளில் அந்த முறை எப்போதும் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. நட்டம் என்றுமே வாங்குபவருக்குத்தான். மூலைவிட்டத்தால் மனையை இரண்டு முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடச் சொல்லுங்கள். சாலைக்கு விட்ட இடம் அந்த 60 அடிக்குள் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வாங்க நினைக்கும் நிலம் பத்திரப்படி 2 ஏக்கர் 10 சென்ட். பட்டாவில் 0 - 83.00 என்று இருக்கிறது. விற்பவர் பத்திரத்தின் அளவுக்கே பணம் கேட்கிறார். (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 83 ஏர் என்பது 2 ஏக்கர் 5 சென்ட். ஐந்து சென்ட் வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். தாய்ப்பத்திரம் சங்கிலியால் அளந்த காலத்தின் கணக்காக இருக்கலாம். பழைய பதிவுகளில் அரை ஏர் அளவுக்கு முழுமையாக்கி எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. அரை ஏரே ஒன்றேகால் சென்ட். 1979 முதல் 1987 வரை நடந்த, மக்கள் யூடிஆர் என்று சொல்லும் பதிவு மேம்பாட்டுப் பணியில் பிழை நேர்ந்திருக்கலாம். வாய்க்காலுக்கோ சாலைக்கோ ஒரு பகுதி எடுக்கப்பட்டும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது உண்மையானால் அந்த ஐந்து சென்ட் இப்போது விற்பவரிடமே இல்லை.

எனவே எந்தத் தாளின் அளவுக்கும் இப்போது பணம் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் அந்தச் சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடத்தை, எடுத்துப் பாருங்கள். பட்டாவைப் போலவே அதுவும் அரசின் இணையச் சேவையில் கிடைக்கிறது. பிறகு விற்பவர் பெயரில் அத்து (எல்லை) காட்ட விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால், அரசு நில அளவர் வந்து புலப்படத்தின்படி எல்லைக் கற்களைக் காட்டுவார். அன்று பக்கத்து நிலத்துக்காரர்களும் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; அவர்கள் வரப்பில் நின்று ஒப்புக்கொள்ளும் எல்லைக்கு ஈடாக எந்தக் காகிதமும் வராது. ஒப்பந்தத்தில் ‘சென்ட் ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் வீதம், நில அளவையில் காணும் பரப்புக்கு மட்டும் கிரயத் தொகை’ என்று எழுதி, மொத்தத் தொகையைத் தோராயம் என்று குறிப்பிடுங்கள். ‘கூடுதல் குறைவு இருப்பினும்’ என்ற பழைய வாசகத்தை விற்பவரின் எழுத்தர் சேர்த்திருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். ஐந்து சென்ட்டின் விலையையும் அந்த மூன்று சொற்களே உங்கள் தலையில் கட்டிவிடும்.