பனிக்கும் பழிக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,
முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, பனியாறுகளைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன் என்கிறாள். புதுச்சேரிப் பெண்ணுக்குப் பனியில் என்ன வேலை? பனி உருகித்தான் நம் கடற்கரை மணலே போய்விட்டதே, இனி ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது? வேலையாவது கிடைக்குமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,
வேலையைப் பற்றி அந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். சில நாட்களாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதத்தின் நடுவரி கிளறிவிட்டது.

பனி உருகி மணல் போனதென்று யார் சொன்னது? முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதலாமா? இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினோம். மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. வடக்கே கரை கரைந்தது. காந்தி சிலைக்கு முன்னால் நாங்கள் ஓடி விளையாடிய மணல் போய்க் கருங்கல் வந்தது. கல் கொட்டிய இடம் தப்பிக்க, அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போனது. அங்கும் கல். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று போய்த் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் வீடுகளை விழுங்கியது. இதில் கிரீன்லாந்து என்ன பாவம் செய்தது? தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு போட்டபின் மணல் திரும்பியதே, அப்போது பனி மறுபடி உறைந்துவிட்டதா? நாம் கட்டிய சுவருக்குப் பனியின் மேல் பழி போடுவது சௌகரியம். பனி வழக்குக்கு வராது.

பனியின் கணக்கு தனி. 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில் உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 10 செ.மீ. ஏறியிருக்கிறது. அதிலும் ஒரு பங்கு, நீர் சூடேறி விரிந்ததால் வந்தது. ஆனால் ஒன்று கேளுங்கள். கிரீன்லாந்தின் பனி அத்தனை கனம். தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. உருக உருக அந்தப் பிடி தளர்கிறது. அங்கே கரையோரம் கடல் இறங்கும், தொலைவில் இருக்கும் நம் பக்கம் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். 2002இல் ஏவிய கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள், சுமார் 220 கி.மீ. இடைவெளியில் பறந்தபடி, கீழே இருக்கும் பனியின் ஈர்ப்பு மாறும்போது அந்த இடைவெளி மயிரிழைக்கும் குறைவாக மாறுவதை அளந்தே பனியின் எடைக்குறைவைச் சொல்லிவிட்டன. இது இயற்பியல் இல்லாமல் வேறென்ன?

எல்லாமே விண்வெளி வேலையும் இல்லை. இமாச்சலத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் பனியைத் துளைத்து மூங்கில் கம்புகளை இறக்கி, எவ்வளவு வெளியே தெரிகிறதென்று ஆண்டுதோறும் போய்ப் பார்க்கிறார்கள். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள்தான் போகிறார்கள். நல்ல கம்பளிச் சட்டையாக வாங்கிக் கொடுங்கள். நேரு வீதியில் தேடாதீர்கள், அங்கே கிடைப்பது மார்கழிக்கே போதாது.